விட்டவனின் கால் ஏன் கடைப்பக்கம் திரும்புகிறது?

தோழர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு பட்டறையிலும், நமது ஒவ்வொரு கிளையிலும் அவர் இருக்கிறார். பத்தாண்டு குடித்தவர். குடித்தது போதும் என்று ஒரு நாள் முடிவு செய்தார். மனைவியிடம் வாக்குக் கொடுத்தார். ஆறு மாதம் அந்த வாக்குத் தவறாமல் இருந்தார். கூட்டத்துக்கு முதல் ஆளாய் வந்தார். கொடி கட்டினார். சுவரொட்டி ஒட்டினார். அவர் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை. கையில் வாரக் கூலி. எதிரே பழைய கூட்டாளி. தெருமுனையில் மதுக்கடையின் விளக்கு. அவ்வளவுதான்! எப்படி உள்ளே போனோம் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஊர் என்ன சொல்லிற்று? "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்றது. மாமனார் வீட்டார், "அன்றைக்கே சொன்னோமே" என்றார்கள். நம் தோழர்களிலும் சிலர், வருத்தத்தோடு சொல்கிறோம், "மன உறுதி இல்லாதவன், இனி எதற்கும் உதவமாட்டான்" என்று ஒரே வரியில் அவர் கணக்கை முடித்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கு தவறு என்கிறோம் நாம். இரக்கத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. மனித மூளையையும் விலங்குகளின் மூளையையும் கருவி வைத்து அளந்து பார்த்தவர்கள் எழுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரத்தின்மீது நின்று சொல்கிறோம். அது ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கிவிடக்கூடாது. தொழிலாளியின் வீட்டு வாசலுக்கு வந்து சேரவேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

தேநீரும் பீடியும்

பெரிய ஆராய்ச்சிக்குப் போகுமுன், நம் கையையே நாம் பார்ப்போம். பீடி குடிக்கும் தோழர் வேலையில் மூழ்கியிருக்கும்போது மூன்று மணி நேரம்கூடப் பீடி நினைவின்றி இருப்பார். தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடிக்கட்டும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். யார் ஏவியது? தேநீர் ஏவியது! தேநீரில் புகையிலை இல்லை. ஆனால் ஆயிரம் தடவை தேநீருக்குப் பின் பீடி வந்திருக்கிறது. ஆகவே தேநீர் தொண்டையில் இறங்கும்போதே, "அடுத்தது வருகிறது, ஆயத்தமாகு" என்று மூளை உடம்புக்கு ஆணையிட்டுவிடுகிறது.

ருஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லவ் கண்டறிந்தது இதைத்தான். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சோறு வைக்குமுன் ஓர் ஓசை, பிறகு சோறு. இப்படிப் பலமுறை செய்தபின், ஓசை கேட்டதுமே நாயின் வாயில் எச்சில் ஊறிற்று. சோறு இல்லை, சோற்றின் வாசனையும் இல்லை. ஓசை மட்டுமே போதுமானதாக இருந்தது.

அவர் இன்னொன்றும் கண்டார். சோறு தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். ஆனால் சிறிது காலம் விட்டுவிட்டு மறுபடி ஓசை எழுப்பினால், நின்றுபோன எச்சில் மீண்டும் ஊறும்! ஆகவே, கற்றது அழிந்துவிடவில்லை, அடங்கித்தான் இருந்தது. ஆறு மாதம் குடிக்காதவர் கடை விளக்கைக் கண்டதும் தடுமாறியதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

"மனிதனை நாயோடு ஒப்பிடுவதா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். மனிதனுக்கு நாயைவிட அறிவு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புளியங்காயை நினைத்தவுடன் வாயில் எச்சில் ஊறாத அறிஞர் எவரேனும் உண்டா?

குரங்கின் மூளை சொன்ன செய்தி

1954இல் கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் ஓர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அக்கம்பி வழியே சிறு மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அழுத்திற்று. மீண்டும் அழுத்திற்று. மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்தும் எலிகளைப் பின்னர் ஓல்ட்ஸ் கண்டார். பசித்த எலிகள் உணவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதைச் செய், மறுபடியும் செய்" என்று தூண்டும் பகுதிகள் மூளைக்குள் இருக்கின்றன என்பது அன்று தெரிந்தது.

அந்தப் பகுதிகள் எதற்காக அமைந்தன? குடிப்பதற்காகவா? இல்லை. பசித்தவன் சோற்றைத் தேட, தாகமெடுத்தவன் தண்ணீரைத் தேட, ஆணும் பெண்ணும் இணைய, தாய் பிள்ளையை அணைக்க, மனிதன் மனிதனோடு கூடி வாழ இயற்கை வைத்த ஏற்பாடு அது. அங்கே வேலை செய்யும் இரசாயனங்களில் ஒன்றின் பெயர் டோபமைன். இந்தப் பெயரை மட்டும் தோழர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சுவிட்சர்லாந்தின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கவனித்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் பழச்சாறு ஒரு சொட்டு விழுந்தால் அச்செல்கள் துடித்தன. அடுத்து, ஒரு விளக்கை எரியவிட்டு, அதன்பின் சாறு கொடுத்தார்கள். இப்படிப் பழகியபின் நடந்ததுதான் வியப்பு. சாறு விழும்போது செல்கள் துடிக்கவில்லை; விளக்கு எரியும்போதே துடித்தன! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சாறு வரவேண்டிய அந்த நொடியில் செல்கள் வழக்கத்தைவிடக் கீழே அடங்கின. 1997இல் இதன் விளக்கம் முழு உருவம் பெற்று வெளிவந்தது.

இதன் பொருள் என்ன? மூளை பொருளைவிட, பொருள் வருகிறது என்று அறிவிக்கும் அடையாளத்துக்கே முதலில் எழுந்து நிற்கிறது. நமது தோழருக்குப் போதை புட்டியிலிருந்து தொடங்கவில்லை. தெருமுனை விளக்கிலிருந்தே தொடங்கிவிட்டது. பையிலிருந்த கூலியிலிருந்தும், கூட்டாளியின் முகத்திலிருந்தும் தொடங்கிவிட்டது. விளக்கைப் பார்த்தும் பேசாமல் வீட்டுக்குப் போகிறவருக்கு மனம் வெறிச்சென்று ஆவதும் இதனால்தான். வரும் என்றது வரவில்லை.

சோறு வேறு, போதை வேறு

"அப்படியானால் சோற்றுக்கும் சாராயத்துக்கும் வேறுபாடே இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. வயிறு நிறைந்தால் சோறு "போதும்" என்கிறது. எதிர்பார்த்த உணவு எதிர்பார்த்தபடி வந்தால் டோபமைன் செல்கள் அமைதியாக இருக்கின்றன. கொக்கெயின் போன்ற மருந்தோ, மூளை எதிர்பார்த்ததா இல்லையா என்று கேட்பதில்லை. தன் இரசாயன பலத்தாலேயே ஒவ்வொரு தடவையும் டோபமைனை உயர்த்திவிடுகிறது. ஹெராயின், சாராயம், புகையிலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போய் அதே இடத்தைத் தொடுகின்றன. உழைக்காமல் கூலி வாங்கும் தரகனைப்போல, வாழ்வுக்கு வேண்டிய எதையும் கொடுக்காமல், வாழ்வுக்கு வேண்டியதைப் பெற்றபோது அடிக்கவேண்டிய மணியை அது அடித்துவிட்டுப் போகிறது.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இருவர் 1993இல் வெளியிட்ட கருத்து அது. இன்பம் வேறு, வேட்கை வேறு என்றார்கள் அவர்கள். டோபமைன் அழிக்கப்பட்ட எலியின் நாக்கில் சர்க்கரை நீரை வைத்தால், இனிப்பைச் சுவைத்த முகக்குறி வழக்கம்போலவே தெரிகிறது. ஆனால் அந்த எலி தானாக எழுந்து தீனியைத் தேடிப் போவதில்லை. அதாவது, டோபமைன் சுவைக்க வைப்பதைவிடத் தேட வைக்கிறது. போதைப்பொருளைத் தொடர்ந்து எடுப்பவரின் மூளையில் தேட்டம் கூர்மையாகிக்கொண்டே போகிறது. இன்பம் அப்படியே நிற்கிறது, அல்லது தேய்ந்துபோகிறது.

குடிகாரத் தோழர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "இதிலே இப்போது ஒரு சுகமும் இல்லை அண்ணே, ஆனால் விடமுடியவில்லை." அதைப் பொய் என்று சிரித்திருப்போம். அவர் சொன்னது பொய்யல்ல. ஆராய்ச்சிக்கூடம் கண்டதைத்தான் தம் வாயால் சொல்லியிருக்கிறார்.

நொடியில் முப்பதில் ஒரு பங்கு

மனிதர்களை வைத்து நடந்த சோதனைகளையும் பார்ப்போம். காந்த சக்தியால் மூளையைப் படம்பிடிக்கும் கருவி வந்தபின், அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஹியூ காரவனும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். கொக்கெயின் பழகியவர்களுக்கும், பழகாதவர்களுக்கும் மூன்று படங்களைக் காட்டினார்கள். ஒன்று கொக்கெயின் புகைப்போரைக் காட்டும் படம். ஒன்று இயற்கைக் காட்சி. மற்றொன்று ஆண் பெண் உறவைக் காட்டும் படம்.

கொக்கெயின் பழகியவர்களுக்கு, அந்தப் போதைக் காட்சி எந்த இடங்களை எழுப்பியதோ, அவற்றில் பல உறவுக் காட்சியும் எழுப்பும் இடங்களே. ஆக, போதை தனக்கென்று புதிய வீடு கட்டவில்லை. இயற்கை இன்பம் குடியிருந்த வீட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. அதோடு, உறவுக் காட்சியைக் கண்டபோது கொக்கெயின் பழகியவர்களின் மூளை மற்றவர்களின் மூளையைவிடக் குறைவாகவே எழுந்தது. வீட்டுக்குள் புகுந்தவன் பழைய குடியானவனைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டான்! குடியில் மூழ்கியவருக்குப் பிள்ளையின் மழலை ஏன் இனிக்கவில்லை, திருவிழா ஏன் சப்பென்று இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ரோஸ் சில்ட்ரஸ் அம்மையார் இதைவிடத் துணிவான சோதனை ஒன்று செய்தார். கொக்கெயினை விட்டு மருத்துவம் பெற்றுவந்த 22 ஆண்களுக்குப் படங்களைக் காட்டினார். எவ்வளவு நேரம்? நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 33 பங்கு, அதாவது ஏறத்தாழ முப்பதில் ஒரு நொடி. உடனே வேறு படத்தால் அதை மறைத்துவிட்டார். என்ன பார்த்தோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆனால் போதைக்குரிய படம் மின்னி மறைந்தபோது மூளையின் ஆழத்திலுள்ள அந்தப் பகுதிகள் எழுந்தன. உறவைக் குறிக்கும் படத்துக்கும் எழுந்தன. 2008இல் இது வெளிவந்தது.

தோழர்களே, இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். கண் "பார்த்தேன்" என்று சொல்வதற்கு முன்பே மூளை புறப்பட்டுவிடுகிறது. தனக்கே தெரியாமல் தொடங்கிவிட்ட ஓட்டத்துக்கு, "ஏன் உறுதியோடு நிற்கவில்லை?" என்று ஒருவரை மட்டும் கூண்டிலேற்றுவது என்ன நீதி?

லெக்சிங்டனும் வியட்நாமும்

ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நாட்டு நடப்புக்கு வருவோம். அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், லெக்சிங்டன் நகருக்கு அருகே, 1935இல் அந்நாட்டு அரசு ஒரு நிலையத்தைத் திறந்தது. அபினி, மார்பின், ஹெராயின் ஆகியவற்றுக்கு அடிமையானோருக்காக, சிறையும் மருத்துவமனையும் பண்ணையும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்ற இடம் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, வயல்வேலை, மாட்டுப்பண்ணை. நோயாளிகள் தேறினார்கள். தேறியபின் ஊருக்குத் திரும்பினார்கள்.

பிறகு? அங்கிருந்து நியூயார்க் நகரத்துக்குத் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து 1962இல் வெளிவந்த கணக்கின்படி, பத்துப் பேருக்கு ஒன்பது பேர் அளவுக்கு மீண்டும் பழைய பழக்கத்துக்கே போய்விட்டார்கள்.

அங்கே பணிபுரிந்த டாக்டர் ஆபிரகாம் விக்ளர் ஒன்றைக் கவனித்தார். போதையை விட்டுப் பல மாதங்களான நோயாளிகள் கூடி உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசும்போது, கொட்டாவி விட்டார்கள். அவர்கள் மூக்கு ஒழுகிற்று. கண்ணில் நீர் வழிந்தது. இவை போதை கிடைக்காதபோது முதல் சில நாட்களில் வரும் உபாதைகள். மாதக்கணக்காகத் தீண்டாதவர்களுக்கு இவை ஏன் வரவேண்டும்? பேச்சே அடையாளமாகிவிட்டது என்று அவர் 1948லேயே எழுதினார். தேறி ஊருக்குத் திரும்பியவர்கள், பழைய தெருவில் கால் வைத்ததும் இதே உபாதையால் துன்புற்றதாகவும் சொன்னார்கள்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? போதை தன்னைத் தாக்கும் என்று எதிர்பார்க்கும் உடம்பு, முன்கூட்டியே எதிர்த்து நிற்கத் தயாராகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் 1982இல் வெளியிட்ட எலிச் சோதனை இதற்குச் சான்று. ஹெராயின் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். வழக்கமாகப் போதை பெறும் அறையில் பெற்றவற்றில் நூற்றுக்கு 32 இறந்தன. புதிய இடத்தில் பெற்றவற்றில் நூற்றுக்கு 64 இறந்தன. மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. இடம் மட்டும் வேறு. பழகிய அறையில் உடம்பு தயாராக நின்றது. அப்படித் தயாராக நிற்கும் உடம்புக்குப் போதை வராமலே போனால், அந்தத் தயாரிப்பே உபாதையாகத் தெரிகிறது. அதைத் தீர்க்கக் கால் கடையைத் தேடுகிறது.

இப்போது இதற்கு நேர்மாறான காட்சி. வியட்நாம் மண்ணில் அமெரிக்க ஆட்சி நடத்திய கொடிய போரில், அனுப்பப்பட்ட சிப்பாய்கள் மலிவாய்க் கிடைத்த ஹெராயினில் விழுந்தார்கள். 1971 செப்டம்பரில் நாடு திரும்பியவர்களில் ஏறத்தாழ 900 பேரை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தேடிப் பிடித்து விசாரித்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கே அபினி வகைகளைத் தொட்டவர்கள். ஐந்தில் ஒருவர் அடிமையாகவே இருந்தவர். நாடு திரும்பினால் நகரங்கள் போதையரால் நிறையும் என்று ஆட்சியாளர் நடுங்கினர். நடந்தது என்ன? அங்கே அடிமையாக இருந்தவர்களில் நூற்றுக்கு 5 பேர்தான் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானார்கள். மூன்றாண்டில் பார்த்தாலும் நூற்றுக்கு 12 பேர்தான்.

லெக்சிங்டனில் தேறியவர் தம்மைக் கெடுத்த தெருவுக்கே திரும்பினார். வியட்நாம் சிப்பாயோ, தம்மைக் கெடுத்த தெருவை விட்டுப் பல்லாயிரம் மைல் விலகி வீட்டுக்குத் திரும்பினார். அங்கே அந்த வெயில் இல்லை, பீரங்கி இல்லை, மரண பயம் இல்லை. தாய் இருந்தாள், வேலை இருந்தது. இட மாற்றம் ஒன்றே முழுக் காரணம் என்று நாம் கூறவில்லை. சொந்த நாட்டில் ஹெராயினின் விலை ஏறிற்று, சட்டம் பயமுறுத்திற்று, அவையும் சேர்ந்தன. ஆனால் "ஒருமுறை அடிமை, என்றும் அடிமை" என்ற பேச்சு அதோடு பொய்த்துப்போயிற்று.

"அப்படியானால் அவன்மேல் குற்றமே இல்லையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பொறுப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மனைவியை அடித்தவன் அடித்ததற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் பள்ளிப் பணத்தை எடுத்தவன் அதற்குத் தலைகுனியத்தான் வேண்டும். மூளையைக் காட்டித் தப்பிக்க எவருக்கும் நாம் சீட்டுக் கொடுக்கவில்லை.

ஆனால் உறுதி என்பது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கைப் பார்த்து, மூளை புறப்பட்டுவிட்ட பிறகு செய்யும் மல்யுத்தம் உறுதிக்கு மிகக் கடினமான இடம். விளக்கே தெரியாத தெருவழியாக வீட்டுக்குப் போவது என்று காலையிலேயே முடிவு செய்வது எளிதான இடம். அறிவாளி எதிரியின் கோட்டைக்குள் போய்ச் சண்டை போடமாட்டான்; தன் களத்துக்கு அவனை இழுப்பான். வேலைநிறுத்தம் நடத்தியவர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாள் போனால் தானாகச் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடக்கூடாது. கொக்கெயின் பழகிய எலிகளிடம் அதை நிறுத்தியபின், போதையின் அடையாளத்தைக் காட்டினால் எழும் தேட்டம் முதல் இரண்டு மாதங்களில் குறைவதற்குப் பதிலாக வளர்ந்தது என்று 2001இல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே, "இரண்டு மாதம் ஆயிற்றே, இனி அவருக்குத் துணை எதற்கு?" என்று நாம் கையை உதறும் நேரம்தான் அவருக்குத் துணை மிகவும் தேவைப்படும் நேரமாக இருக்கலாம்.

அடையாளத்தை விற்கும் வியாபாரம்

அடையாளத்தின் பலம் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம். முதலாளிக்கு நன்றாகத் தெரியும். ஒரு நிறம், ஒரு முத்திரை, ஒரு பாட்டு, ஒரு நடிகரின் கையில் புகையும் சுருட்டு. சரக்கைக் காட்டாமலே சரக்கின் நினைவைக் கிளப்பும் கலைக்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறார்கள். அமெரிக்காவில் சிகரெட் விளம்பரம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 1971 சனவரியில் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது. மது விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியில் தடை இருக்கிறது. ஆனால் அதே பெயரில் சோடா, அதே முத்திரையில் இசைத்தட்டு என்று விளம்பரம் கொல்லைப்புறமாக வந்ததை நாடே பார்த்தது.

முப்பதில் ஒரு நொடி மின்னிய படத்துக்கு மூளை எழுகிறது என்றால், தெருவெல்லாம் நின்று கூப்பிடும் பலகைக்கு எழாதா? ஒரு பக்கம் அடையாளங்களை ஊரெங்கும் நட்டுவைத்து, மறுபக்கம் விழுந்தவனைப் பார்த்து "உறுதி இல்லாதவன்" என்று உபதேசம் செய்வது, குழி வெட்டியவனே விழுந்தவனுக்கு அபராதம் விதிப்பது போன்றது. ஆலை வாசலிலும், குடியிருப்பு நடுவிலும், பள்ளிக்குப் போகும் பாதையிலும் கடையும் பலகையும் வேண்டாம் என்று தாய்மார்கள் போராடும்போது, அவர்கள் மூளை விஞ்ஞானம் படித்துவிட்டுப் பேசவில்லை. ஆனால் விஞ்ஞானம் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது.

நாம் செய்யவேண்டியது என்ன?

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், மார்கோ வெனிரோ, யாவின் ஷஹாம் ஆகியோர் 2018இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்லி இந்தப் பகுதியைத் தொடங்குவோம். போதை பழகிய எலியின் முன் இரண்டு நெம்புகோல். ஒன்றை அழுத்தினால் போதை வரும். மற்றொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னோர் எலி கூட வந்து இருக்கும். எலி எதைத் தேர்ந்தது? ஏறக்குறைய எப்போதும் தோழனையே தேர்ந்தது! முற்றிய அடிமையாய் இருந்த எலிகளும் தோழனையே தேர்ந்தன. ஆனால் ஒரு நிபந்தனை. தோழன் வருவதைத் தாமதப்படுத்தினால், அல்லது தோழனைத் தேடியதற்குத் தண்டனை கொடுத்தால், எலி மறுபடியும் போதையின் பக்கம் போயிற்று.

தோழர்களே, இதற்கு விரிவுரை வேண்டுமா? தேடி வந்தவனுக்கு நாம் கதவைத் தாமதமாகத் திறந்தால், வந்தவனை ஏளனத்தால் தண்டித்தால், அவன் எங்கே போவான்?

எலி மனிதனல்ல, ஆனால் மனிதரிடமும் இதே திசையில் சான்று உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1994இல் வெளியிட்ட சோதனையில், கொக்கெயினை விட முயன்றவர்களில் ஒரு பாதியினருக்கு, சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லை என்று தெரிந்தபோதெல்லாம் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டுக்கு நல்ல பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். 24 வாரச் சிகிச்சையை அவர்களில் நூற்றுக்கு 75 பேர் முடித்தார்கள். சீட்டுப் பெறாதவர்களில் 40 பேர்தான் முடித்தார்கள். ஏசியதால் வந்த பலனல்ல இது. வாழ்வின் நல்ல பக்கத்துக்கு மீண்டும் சுவை ஊட்டியதால் வந்த பலன்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. விட முயலும் தோழரின் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். கூலி நாளில் அவரோடு வேறு தெருவில் நடந்து வீடுவரை போங்கள். கூலி கைக்கு வந்ததும் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்ச்சேர அவரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். அவர் குடித்த நேரம் மாலை ஆறு மணி என்றால், ஆறு மணிக்கு அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும். படிப்பகம் திறப்பது, பத்திரிகை படித்துக் காட்டுவது, பந்தாட்டம், எதுவானாலும் சரி. கூட்டம் முடிந்தபின் "கொஞ்சம் போட்டுக்கொண்டு போகலாம்" என்னும் வழக்கத்தை நம் மத்தியிலிருந்தே முதலில் ஒழியுங்கள். நாமே அடையாளமாகி நிற்கக்கூடாது!

மருத்துவரிடம் அழைத்துப் போகவும் தயங்காதீர்கள். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக் கண்காணிப்பில் நிறுத்துவதே முறை. தேட்டத்தைக் குறைக்க மருந்துகளும் உண்டு. நெடுநாள் விட்டிருந்த ஹெராயினைப் பழைய அளவிலேயே மீண்டும் எடுப்பவர் சாகக்கூடும் என்பதையும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு வழுக்கிவிழுந்த அந்தத் தோழரிடம் மீண்டும் வருவோம். ஞாயிறு காலை அவர் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பார். கூட்டத்துக்கு வர முகமில்லை. ஆறு மாதம் அவர் வென்றதை ஓர் இரவு அழித்துவிடாது. ஆனால் நம் ஏளனம் அழித்துவிடும். அவர் வாசலில் போய் நில்லுங்கள். "நாய் வால்" கதையைச் சொல்லாதீர்கள். "கொடி கட்ட ஆள் இல்லை, வாருங்கள் தோழரே" என்று கூப்பிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவரோடு சேர்ந்து வேறு தெருவில் நடங்கள்.